டிடெக்டரின் வாசல்வரை புகை: எஃப்.டி.எஸ். மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்த கதை

கட்டடத்தில் தீயும் புகையும் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் எஃப்.டி.எஸ். மென்பொருளில் ராத்திரி ஓடவிட்டுப் போன ரன் காலையில் முடிந்திருந்தது. முடிவுகள் இருந்த ஃபைலைத் திறந்தேன். கூரையில் நான் வைத்திருந்த நான்கு ஸ்மோக் டிடெக்டர்களும் கடைசி வினாடிவரை பூஜ்யத்திலேயே நின்றிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் வைத்த வெப்பமானியோ நெருப்பு வளர வளர ஏறிக்கொண்டே போயிருந்தது. நெருப்பு இருக்கிறது, சூடு இருக்கிறது, கூரையை ஒட்டிக் காற்று ஓடுகிறது, டிடெக்டருக்கு மட்டும் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் காரணம் கிடைத்தது. எரிபொருளில் எவ்வளவு பங்கு புகைக்கரியாக மாறும் என்ற எண்ணை நான் எழுதவே இல்லை. எழுதாவிட்டால் மென்பொருளின் ஆறாம் பதிப்பு அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். புகையே இல்லாத நெருப்பை ராத்திரி முழுக்க எரித்திருக்கிறேன்.

எஃப்.டி.எஸ்., அதாவது ஃபயர் டைனமிக்ஸ் சிமுலேட்டர், புதிதாக எடுக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2000-ல் முதன்முதலாக வெளியிட்டது. பின்லாந்தின் வி.டி.டி. ஆய்வு மையமும் சேர்ந்து வளர்த்தது. காசு கிடையாது, மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இதோடு வரும் ஸ்மோக்வியூ என்ற இன்னொரு மென்பொருள் முடிவுகளைப் படமாகக் காட்டும். தீ, புகை, காற்றோட்டம் என்று பலவற்றுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். என் வேலை ஃபயர் அலாரம் வடிவமைப்பு. அதனால் இங்கே ஒரே கேள்வியை வைத்து மட்டும் எழுதுகிறேன்: ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தால் ஸ்மோக் டிடெக்டர் எப்போது கத்தும் என்று இதை நம்பிச் சொல்ல முடியுமா?

இன்ஸ்டால் செய்வது சுலபம், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுத வேண்டும் என்பதுதான் புதியவர்களை முதலில் மிரட்டும். சுவருக்கு ஒரு வரி, கதவுக்கு ஒரு வரி, நெருப்புக்கு ஒரு வரி, டிடெக்டருக்கு இரண்டு வரி. மவுஸால் வரைந்து இந்த ஃபைலை உருவாக்கித் தரும் மென்பொருள்கள் தனியாக விற்கின்றன. இருந்தாலும் முதல் சில மாதம் கையாலேயே எழுதுங்கள் என்பேன். எந்த எண்ணை நீங்கள் கொடுத்தீர்கள், எதை மென்பொருள் தானாக எடுத்துக்கொண்டது என்று அப்போதுதான் கண்ணில் படும்.

டிடெக்டருக்கான அந்த இரண்டு வரியில் ஒன்று, அது எங்கே இருக்கிறது என்பது. இன்னொன்று, அது எப்படிப்பட்டது என்பது. இடத்தைச் சொல்லும்போது கூரையின் உயரத்தையே அப்படியே போடாதீர்கள். இந்த மென்பொருள் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடும். 3 மீட்டர் கூரை என்றால் சில சென்டிமீட்டர் கீழே, காற்று இருக்கும் கட்டத்துக்குள் புள்ளி விழ வேண்டும். கூரையின் கோட்டிலேயே வைத்தால் எந்தக் கட்டத்தின் காற்றை அது படிக்கிறது என்ற சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது வரியில்தான் விஷயமே இருக்கிறது. உண்மையான டிடெக்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியே பிளாஸ்டிக் மூடி, அதில் குறுகலான இடுக்குகள், உள்ளே பூச்சி நுழையாமல் ஒரு வலை, அதற்கும் உள்ளே இருட்டு அறை. கூரையோடு ஓடிவரும் புகை நேராக உள்ளே போய்விடாது. இடுக்கில் தடுமாறி, வலையில் திணறி, உள்ளே இருக்கும் சுத்தமான காற்றைத் தள்ளிக்கொண்டுதான் நுழைய வேண்டும். மென்பொருளில் அந்த மூடியும் இல்லை, வலையும் இல்லை. டிடெக்டர் என்பது வெறும் ஒரு புள்ளி. மூடியும் வலையும் செய்யும் தாமதத்தை எல்லாம் ஒரே ஒரு நீளத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள். ஹெஸ்கெஸ்டாட் என்ற ஆராய்ச்சியாளர் தந்த சூத்திரம் அது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அந்த நீளம் 1.8 மீட்டர். அதை டிடெக்டர் பக்கம் ஓடும் காற்றின் வேகத்தால் வகுத்தால் தாமதம் எத்தனை வினாடி என்று கிடைக்கும்.

கையில் போட்டே பார்க்கலாம். புகை வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால் தாமதம் 3.6 வினாடி. கவலையில்லை. 0.15 மீட்டராகக் குறைந்தால் 12 வினாடி. 0.05 ஆனால் 36 வினாடி. 0.15-க்குக் கீழே போனால் டிடெக்டருக்குள் புகை நுழைவது ரொம்பவே தாமதமாகிறது என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் டிடெக்டரின் நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் பக்கத்தில் ஒரு வேகமானியையும் வைத்து, அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். வேகம் 0.15-க்குக் கீழே என்றால் அந்த நேரத்தை எந்த அறிக்கையிலும் தனியாக நிறுத்திக் காட்ட மாட்டேன்.

நுழையும் தாமதம், உள்ளே கலக்கும் தாமதம் என்று பிரித்து நான்கு எண்கள் கேட்கும், கிளியரி என்ற ஆராய்ச்சியாளரின் முறையும் உண்டு. கையேட்டில் சில மாதிரி டிடெக்டர்களுக்கு அந்த எண்களைப் பட்டியலாகவே கொடுத்திருக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் நீங்கள் சீலிங்கில் மாட்டப்போகும் டிடெக்டரின் எண்கள் அந்தப் பட்டியலில் இருக்காது. தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டிலும் நான் இதுவரை பார்த்ததில்லை. டிடெக்டர் விற்பவர்கள் இந்த எண்களையும் அச்சிட்டுக் கொடுத்தால் என்னைப் போன்றவர்கள் நிம்மதியாக வேலை செய்வோம். இதை மனதாரக் கேட்கிறேன்.

அப்புறம், எவ்வளவு புகை வந்தால் கத்த வேண்டும் என்ற எல்லை. மென்பொருள் தானாக எடுப்பது ஒரு மீட்டருக்கு 3.24 சதவீத ஒளிமறைப்பு. ஒரு மீட்டர் தூரம் புகைக்குள் போகும் வெளிச்சத்தில் அவ்வளவு காணாமல் போனால் அலாரம். கேட்க ஏதோ பெரிய புகைமூட்டம் மாதிரி இருக்கும். ஒரு கிலோ புகைக்கரிக்கு 8,700 சதுர மீட்டர் என்று மென்பொருள் வைத்திருக்கும் ஒளிமறைப்புக் கெழுவை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டேன். ஒரு கன மீட்டர் காற்றில் 4 மில்லிகிராம்கூட இல்லை! இவ்வளவு நுணுக்கமான அளவைப் பிடிக்க வேண்டும் என்னும்போது புகைக்கரி விகிதத்தில் செய்யும் சின்னத் தவறும் நேராக நேரத்தில் வந்து நிற்கும். நன்றாக எரியும் மரத்துக்கு அந்த விகிதம் சுமார் 0.015, சோபாவில் இருக்கும் பாலியூரித்தேன் நுரைக்கு 0.13 அளவில். ஏறக்குறைய ஒன்பது மடங்கு. எது எரிகிறது என்று தெரியாமல் எப்போது கத்தும் என்று சொல்ல முடியாது.

மெஷ், அதாவது இடத்தைப் பிரிக்கும் அந்தக் கட்டங்களின் அமைப்பு, அந்த விஷயத்துக்கு வருவோம். நான் எல்லாவற்றையும் ஒரே அறையில் சோதித்துப் பார்ப்பேன்: ஐரோப்பாவின் ஈ.என். 54 தரம் டிடெக்டர்களைச் சோதிக்கச் சொல்லும் அறை மாதிரியானது. ஏறக்குறைய 10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், நடுவில் தீ, கூரையில் 3 மீட்டர் தள்ளி டிடெக்டர்கள். 10 சென்டிமீட்டர் கட்டமாகப் பிரித்தால் 2,80,000 கட்டங்கள். நல்ல டெஸ்க்டாப்புக்கு இது பாரமே இல்லை. பிரச்சினை கூரையில் இருக்கிறது. தீயிலிருந்து எழும் புகை கூரையில் முட்டி, அதை ஒட்டியே மெல்லிய அடுக்காகப் பரவும். சீலிங் ஜெட் என்போம். அதன் தடிமன் கூரை உயரத்தில் 5 முதல் 12 சதவீதம்தான், அதாவது இந்த அறையில் 20 முதல் 48 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் கட்டம் போட்டால் அந்த அடுக்குக்குள் இரண்டு முதல் ஐந்து கட்டங்களுக்குமேல் விழாது. டிடெக்டரின் தாமதமே அந்த அடுக்கின் வேகத்தில் தொங்குகிறது என்று மேலே பார்த்தோம். இரண்டு கட்டத்தை வைத்துக்கொண்டு அந்த வேகத்தை எப்படி நம்புவது?

கட்டத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்கு, 22,40,000. கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேர அடியும் பாதியாகும் என்பதால் மொத்த வேலை 16 மடங்கு. 2 மணி நேரத்தில் முடிந்தது 32 மணி நேரம் ஆகும். இதிலிருந்து தப்ப, அறையைப் பல மெஷ்ஷாக வெட்டி, கூரையை ஒட்டி மட்டும் 5 சென்டிமீட்டர், கீழே 10 என்று போடலாம். மெஷ்களைக் கம்ப்யூட்டர் பிராசசரின் வெவ்வேறு கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று. ஆனால் தீ எரியும் இடத்தை மறந்துவிடக் கூடாது. 100 கிலோவாட் தீக்குக் கையேடு சொல்லும் தீயின் சிறப்பளவு (தீயின் ஆற்றலை வைத்துக் கணக்கிடும் ஒரு நீளம்) கிட்டத்தட்ட 38 சென்டிமீட்டர். அதை நாலால் வகுத்தால் 10 சென்டிமீட்டர்: அது கரடுமுரடான கட்டம். பத்தால் வகுத்தால் 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. டிடெக்டர் கத்துவது தீ சின்னதாக இருக்கும்போதுதான். சின்னத் தீக்குச் சின்னக் கட்டம் வேண்டும். பெரிய தீக்காக யாரோ போட்ட மெஷ்ஷை அப்படியே எடுத்து டிடெக்டர் நேரத்தையும் அதிலேயே படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீங்கள் கொடுக்கும் தீயின் வளர்ச்சிதான். நேரத்தின் வர்க்கமாக வளரும் தீயை மெதுவானது, நடுத்தரம், வேகமானது என்று பிரிப்பது இந்தத் துறையின் வழக்கம். 100 கிலோவாட்டைத் தொட வேகமான தீக்கு 46 வினாடி, நடுத்தரத்துக்கு 92, மெதுவானதற்கு 185. டிடெக்டர் அந்த 100 கிலோவாட்டை ஒட்டிக் கத்துகிறது என்று வைத்துக்கொண்டால், மெஷ்ஷும் அந்த 1.8 மீட்டர் நீளமும் சேர்ந்து ஆட்டுவது சில வினாடி. தீயின் வளர்ச்சிக்கு எந்த வளைகோடு என்று தேர்ந்தெடுத்தது ஆட்டுவது ஒன்றரை, இரண்டு நிமிடம். அதை மென்பொருள் கணக்கிடவில்லை, மனிதர் முடிவு செய்தார். யாராவது சிமுலேஷன் அறிக்கை கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது, எந்த வளைகோடு, ஏன் என்பதுதான்.

சரி, எங்கே இது கைகொடுத்தது என்று சொல்கிறேன். ஒரு நீளமான நடைபாதை. கூரையில் குறுக்கே குறுக்கே ஆழமான பீம்கள். டிடெக்டரை இரண்டு பீமுக்கு நடுவில் இருக்கும் குழியில் வைப்பதா, பீமின் அடியில் வைப்பதா, எத்தனை குழிக்கு ஒன்று என்று பெரிய விவாதம். எல்லா வாய்ப்பையும் ஒரே ஃபைலில் வைத்து ஓட்டினோம். ஸ்மோக்வியூவில் பார்த்தபோது புகை முதல் குழியை நிரப்பி, வழிந்து, அடுத்த குழிக்குள் புகுந்தது தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து டேபிளில் இருந்து எழுந்து வந்து பார்த்த ஜூனியர், "அக்கா, தொட்டியில தண்ணி நிரம்பி வழியற மாதிரியே இருக்கு" என்றாள். அதேதான். தலைகீழாகக் கவிழ்த்த தொட்டிகள். குழி நிரம்பும்வரை அடுத்த டிடெக்டருக்குச் செய்தியே போகாது.

பிறகு அந்த இடத்தில் ஸ்பிரிட் தட்டைக் கொளுத்தி, புகை இயந்திரத்தை வைத்து நேரில் சோதித்தார்கள். டிடெக்டர்கள் கத்திய வரிசை நாங்கள் சொன்னபடியே வந்தது. வினாடிகள் ஒத்துப்போகவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை, ஏனென்றால் ஸ்பிரிட் கிட்டத்தட்டப் புகைக்கரியே தராது, இயந்திரப் புகை வேறு ஜாதி. வரிசை சரியாக வந்ததே எனக்குப் போதும், ஏனென்றால் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வரிசைதான் பதில்.

உயரமான கூடங்களிலும் இதேபோல உதவியிருக்கிறது. மேலே கண்ணாடிக் கூரை, வெயிலில் உச்சியில் சூடான காற்று தேங்கி நிற்கும். சின்னத் தீயின் புகை அதை எட்டும் முன்பே ஆறிப்போய் நடுவழியில் படுத்துவிடும். கூரையில் மாட்டிய டிடெக்டர் அதைப் பார்க்கவே பார்க்காது. மேலே போகப்போகக் காற்று சூடாக இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்தால் மென்பொருள் இதைக் காட்டிவிடும். இரண்டு முனைகளுக்கு நடுவே ஒளிக்கற்றை போகும் பீம் டிடெக்டர், குழாயில் துளை போட்டுக் காற்றை உறிஞ்சும் டிடெக்டர் இரண்டையும் வைக்க வசதி உண்டு. உறிஞ்சும் வகையில் ஒவ்வொரு துளைக்கும் ஓட்டமும் குழாய்த் தாமதமும் கொடுக்கலாம். இந்தப் பகுதியை யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இனி மனக்குறை. அயனி வகை டிடெக்டரும் ஒளி வகை டிடெக்டரும் உள்ளே வேலை செய்யும் விதமே வேறு. ஒன்று அமெரிசியம்-241 வைத்து மிக நுண்ணிய துகள்களைப் பிடிக்கிறது, இன்னொன்று சற்றுப் பெரிய துகளில் பட்டுச் சிதறும் ஒளியைப் பிடிக்கிறது. மென்பொருளோ இரண்டையும் ஒளிமறைப்பு மானியாகவே பார்க்கிறது. வித்தியாசம் தாமத எண்களிலும் எல்லையிலும் மட்டும்தான். வீடுகளில் பொருத்தும் அலாரங்களை வைத்து நிஸ்ட் நடத்தி 2004-ல் அறிக்கை தந்த சோதனைகளில், கொழுந்துவிட்டு எரியும் தீயில் அயனி வகை முந்தியது, கனன்று புகையும் தீயில் ஒளி வகை முந்தியது, அதுவும் பல தடவை நல்ல இடைவெளியில். துகளின் அளவைப் பொறுத்த இந்த வித்தியாசத்தை எஃப்.டி.எஸ். தானாகக் கண்டுபிடித்துத் தராது.

கனன்று புகையும் தீயில் சங்கடம் இன்னும் கூடும். படுக்கையில் விழுந்த சிகரெட் மாதிரியான ஒன்று. சூடு குறைவு, அதனால் புகை மெதுவாக ஏறும், கூரையில் வேகம் 0.15-ஐத் தொடாது. தாமதச் சூத்திரம் பலவீனமாக இருக்கும் இடமே அதுதான். கூடவே, 8,700 என்ற அந்தக் கெழு கொழுந்து எரியும் தீயின் கரும்புகைக்கானது. கனலும் புகைக்கு அதில் ஏறக்குறைய பாதிதான் சொல்கிறார்கள். அதை நீங்களாக மாற்ற வேண்டும். மாற்றினாலும், கனலும் பொருள் வினாடிக்கு எவ்வளவு புகை விடும் என்பதையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். தூக்கத்தில் இருப்பவர்களைக் கொல்லும் தீக்களில் பல இப்படித்தான் தொடங்குகின்றன என்பதால் இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த வகைத் தீக்கு நான் சிமுலேஷனை வைத்து நேரம் சொல்வதில்லை. படுக்கையறைக்குள் ஒளி வகை டிடெக்டர் வையுங்கள் என்று நேராக எழுதிவிடுகிறேன்.

வேறு வழி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிஸ்ட்டின் இன்னொரு மென்பொருளான சிஃபாஸ்ட், அறையைச் சூடான மேலடுக்கு, குளிர்ந்த கீழடுக்கு என்று இரண்டாக மட்டும் பிரிக்கும். கொஞ்ச நேரத்தில் முடிவு தந்துவிடும். சாதாரண அறைகள் பல இருக்கும் கட்டடத்துக்கு முதல் பார்வைக்கு நான் அதையே எடுக்கிறேன். பீம் குழி போன்றவை அதில் தெரியாது. இன்னொரு பழைய வழி, டிடெக்டர் இருக்கும் இடத்தில் வெப்பம் 13 டிகிரி ஏறினால் கத்திவிட்டதாக வைத்துக்கொள்வது. 1970-களில் வந்த விதி. புகையைக் கணக்கிட வழியில்லாத காலத்தில் அது பெரிய உதவி. இப்போதும் ஒரு கட்டடத்துக்கான அறிக்கையில் அந்த 13 டிகிரியை வைத்தே நேரம் எழுதி என்னிடம் வந்தது. கனலும் தீயில் கூரை 13 டிகிரி ஏறாமலேயே அறை முழுக்கப் புகை நிறைந்துவிடலாம். அதைத் திருப்பி அனுப்பினேன்.

எஃப்.டி.எஸ். தயாரிப்பாளர்கள்மீது எனக்கு மரியாதை வரக் காரணம் அவர்களின் ஆவணங்கள். மென்பொருள் தரும் எண்ணையும் உண்மையான சோதனையின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஒரு தனிப் புத்தகமே வெளியிடுகிறார்கள். மேலே சொன்ன வீட்டு அலாரச் சோதனைகளும் அதில் உண்டு. டிடெக்டர் நேரத்துக்கான படத்தில் புள்ளிகள் கோட்டைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். வெப்பத்துக்கான படத்தையும் அதன் பக்கத்தில் வையுங்கள். எதை எவ்வளவு நம்பலாம் என்று அந்த இரண்டு படமே சொல்லிவிடும்.

அந்த ஜூனியர் இப்போது தானாகவே ரன்களை ஓட்டுகிறாள். போன வாரம் ஒரு முடிவைக் கொண்டுவந்து, "73 வினாடின்னு எழுதிடவா அக்கா?" என்று கேட்டாள். வளைகோட்டை ஒரு படி மெதுவாக்கு, புகைக்கரி விகிதத்தைக் கீழும் மேலும் மாற்று, நீளத்தை இரண்டு மடங்காக்கு, கட்டத்தைப் பாதியாக்கி ஒரு தடவை ஓட்டு என்றேன். ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ஐந்து ரன்னில் மூன்று முடிந்திருக்கிறது. கடைசியில் வரும் குறைந்த எண்ணையும் அதிக எண்ணையும் இரண்டையும் அறிக்கையில் போடுவோம். கட்டடத்தில் இருப்பவர்கள் வெளியேறும் நேரத்தை அந்த அதிக எண்ணிலிருந்துதான் கணக்கிடப் போகிறோம்.